இரண்டு கட்டடங்களுக்கு நடுவே எதைப் போடுவது: காப்பரா, ஃபைபரா, வயர்லெஸ்ஸா?

"எங்கள் பள்ளியில் பழைய கட்டடத்தில் இன்டர்நெட் இருக்கிறது. மைதானத்துக்கு அந்தப் பக்கம் புதிதாக மூன்று மாடி கட்டியிருக்கிறோம். ஒருவர் கேட்6 கேபிள் இழுத்தால் போதும் என்கிறார். இன்னொருவர் ஃபைபர்தான் போட வேண்டும் என்கிறார். மூன்றாமவர் இரண்டு மொட்டை மாடியிலும் ஆளுக்கொரு ஆன்டெனா வைத்தால் வேலை முடிந்தது என்கிறார். மூன்று கொட்டேஷனும் கையில் இருக்கிறது. எதில் கையெழுத்துப் போடுவது?"

ஒரு பள்ளியின் அலுவலகத்திலிருந்து வந்த கேள்வி இது. இதே கேள்வியை அரிசி ஆலைக்காரர் ஒருவரும், வீட்டுக்குப் பின்னால் குடோன் வைத்திருக்கும் ஒருவரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரு கட்டடத்துக்குள் நெட்வொர்க் போடுவதில் பெரிய குழப்பம் வராது. சுவரைத் தாண்டி, திறந்த வெளியைக் கடந்து, அடுத்த கட்டடத்துக்குள் நுழையும்போதுதான் தவறு நடக்கிறது. அந்தத் தவறு பெரும்பாலும் முதல் நாள் தெரியாது. முதல் இடிமழையில் தெரியும்.

நான் வேலை பார்த்த ஒரு வளாகத்தில், எனக்கு முன்னால் வந்தவர்கள் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே எழுபது மீட்டர் காப்பர் கேபிள் இழுத்திருந்தார்கள். ஒன்றரை வருடம் அருமையாக ஓடியது. சித்திரை மாதக் கோடை மழையில் பக்கத்துத் தென்னை மரத்தில் இடி விழுந்தது. கட்டடத்தில் விழவில்லை, கேபிளிலும் விழவில்லை. இரண்டு பக்க நெட்வொர்க் ஸ்விட்சும் (கணினி, கேமரா கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி), அவற்றோடு இணைத்திருந்த கேமரா ரெக்கார்டரும், அலுவலகக் கணினி இரண்டும் போயின. கேபிளில் மிச்சம் பிடித்த பணத்தைப்போலப் பல மடங்கு ஒரே மாலையில் கரைந்தது. அதைப் பார்த்த பிறகு, கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே எது என்று யார் கேட்டாலும், வேகத்தைப் பற்றிப் பேசும் முன் எர்த்தைப் பற்றித்தான் கேட்கிறேன்.

## முடிவெடுக்கும் முன் அளந்து பார்க்க வேண்டியவை

கேபிள் போகும் பாதையின் நீளம். கண்ணால் பார்க்கும் தூரத்தை நம்பாதீர்கள். மைதானத்தின் குறுக்கே 80 மீட்டர் என்றால், கேபிள் ரேக்கிலிருந்து (ஸ்விட்ச் வைக்கும் அலமாரி) இறங்கி, சுவரோரம் வளைந்து, மைதானத்தைச் சுற்றி, மறுபக்கம் ஏறும்போது 130, 140 மீட்டர் ஆகிவிடும். கூகுள் மேப்பில் கோடு போட்டு அளப்பதைவிட, ஒரு நீளமான டேப்பை எடுத்துக்கொண்டு கேபிள் போகும் வழியிலேயே நடந்து பாருங்கள்.

இரண்டு கட்டடத்துக்கும் எர்த் ஒன்றா, தனித்தனியா? தனி இபி கனெக்‌ஷன் என்றால் எர்த் குழியும் அநேகமாகத் தனிதான். அருகில் மின்னல் விழும்போது என்ன நடக்கிறது என்று ஒரு சிறு கணக்குப் போடலாம். ஒரு சாதாரண மின்னலின் உச்ச மின்னோட்டம் சுமார் 30,000 ஆம்பியர். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3,000 ஆம்பியர், ஒரு கட்டடத்தின் எர்த் வழியாக மண்ணில் இறங்குகிறது, அந்த எர்த்தின் எதிர்ப்பு 2 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டடத்தின் எர்த் அந்த நொடியில் 6,000 வோல்ட்டுக்கு எகிறும். அடுத்த கட்டடத்தின் எர்த் தன் பழைய நிலையிலேயே இருக்கும். இரண்டையும் ஒரு காப்பர் கேபிள் இணைத்திருந்தால், அந்த வித்தியாசம் முழுவதும் ஸ்விட்சுக்குள் இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர்களின் தலையில் விழும். ஈதர்நெட் தரநிலை அவற்றிடம் கேட்பது 1,500 வோல்ட் தாங்கும் திறன் மட்டுமே.

எவ்வளவு டேட்டா கடக்கும்? இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கொட்டேஷன் தருபவர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. புதுக் கட்டடத்தில் 24 கேமரா என்று வையுங்கள். எச்.264 என்ற வீடியோ சுருக்க முறையில் ஓடும் ஒரு 1080பி கேமரா சுமார் 4 எம்பிபிஎஸ் எடுக்கும், 24-க்கு 96 எம்பிபிஎஸ். ரெக்கார்டரைப் பழைய கட்டடத்தில் வைத்தால் அத்தனையும் இரவு பகலாக நடு இணைப்பைக் கடக்கும். புதுக் கட்டடத்திலேயே வைத்தால், யாராவது திரையில் பார்க்கும்போது மட்டும் கடக்கும். எந்தச் சாதனம் எந்தக் கட்டடத்தில் என்று முதலில் ஒரு தாளில் வரைந்துவிட்டால், பாதிப் பாரம் தானாகக் குறையும். மிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். ஸ்மார்ட் வகுப்புகள், கம்ப்யூட்டர் லேப், பிராட்பேண்டின் மொத்த வேகம் எல்லாம் சேர்த்து, சாதாரணப் பள்ளிக்கு இன்றைக்கு 1 ஜிபிபிஎஸ் தாராளம். பத்து வருடம் கழித்தும் அதுவே போதும் என்று நான் சொல்ல மாட்டேன்.

தோண்ட முடியுமா? நிலம் யாருடையது, நடுவில் பொதுச்சாலை இருக்கிறதா, அடியில் கருங்கல்லா, ஏற்கெனவே சிமென்ட் தளம் போட்டாயிற்றா? பொதுச்சாலை குறுக்கே இருந்தால் உள்ளாட்சி அனுமதி இல்லாமல் கைவைக்க முடியாது.

கெட்டால் யார் வருவார்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத எந்த இணைப்பும், எவ்வளவு வேகமானதாக இருந்தாலும், உங்களுக்கு ஏற்றதல்ல. உங்கள் ஊரில் ஆள் இருக்கிறாரா, சென்னையிலிருந்து வர வேண்டுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

## காப்பர் கேபிள்: கேட்6

காப்பரின் பலம் எளிமை. உள்ளூர் எலக்ட்ரீஷியன்கூட இழுத்துவிடுவார், முனையில் ஆர்ஜே45 பிளக் அடிக்க ஒரு கிரிம்பிங் கருவி போதும். அதே கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பலாம். பிஓஇ என்கிறோமே, அதன் முதல் தரநிலை 2003-இல் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட்டில் தொடங்கியது, 2009-இல் 30 வாட்டானது, 2018-இல் 90 வாட் வரை போனது. மறுமுனையில் ஒரே ஒரு வைஃபை ஆக்சஸ் பாயின்டோ கேமராவோ இருந்து, அங்கே பிளக் பாயின்டும் இல்லை என்றால், காப்பரின் இந்த வசதி வேறு எதிலும் கிடைக்காது.

எல்லையும் தெளிவானது. மொத்தம் 100 மீட்டர். அதில் 90 மீட்டர் நிலையாகப் பதித்த கேபிள், மீதி 10 மீட்டர் இரண்டு முனையிலும் பேட்ச் கார்டு என்ற சிறு இணைப்புக் கேபிள். "110 மீட்டர் இழுத்தேன், லைட் எரியுது சார்" என்பார்கள். லைட் எரியும். கொஞ்ச நாளில் வெயிலில் கேபிள் சூடாகி எதிர்ப்பு கூடும்போது டேட்டா பாக்கெட்டுகள் தொலைய ஆரம்பிக்கும், மதியம் மட்டும் நெட் மெதுவாக இருக்கிறது என்று புகார் வரும். 10 ஜிபிபிஎஸ் வேண்டும் என்றால் கேட்6-இல் 55 மீட்டர்தான். முழு 100 மீட்டருக்கு கேட்6ஏ வேண்டும், அது தடிமனான, வளைக்கக் கஷ்டமான கேபிள்.

மறைந்திருக்கும் செலவில் முதலாவது போலிக் கேபிள். சந்தையில் சிசிஏ என்று ஒன்று விற்கிறது. உள்ளே அலுமினியம், மேலே மெல்லிய செம்புப் பூச்சு. பெட்டியில் கேட்6 என்றே போட்டிருக்கும், ஆனால் தரநிலை கேட்பது முழுச் செம்பு. கத்தியால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். 305 மீட்டர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே பழகியவர்களுக்குத் தெரியும். செம்பின் அடர்த்தி 8.96, அலுமினியத்தின் அடர்த்தி 2.7, எடை பொய் சொல்லாது. பிஓஇ ஓடும்போது இந்தக் கேபிள் அதிகம் சூடாகும், மறுமுனைக்குப் போய்ச் சேரும் வோல்டேஜும் குறையும். கேமரா ராத்திரி இன்ஃப்ராரெட் விளக்கு போட்டதும் அணைந்து அணைந்து எரிந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

அடுத்தது உறை. கட்டடத்துக்குள் போடும் சாதாரண பிவிசி உறை நம் வெயிலில் சில வருடங்களில் பொரிந்து வெடிக்கும், மழைத்தண்ணீர் உள்ளே ஏறும். வெளியில் போட வேண்டுமென்றால் கறுப்பு பாலிஎத்திலீன் உறையுள்ள வெளிப்புறக் கேபிளைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது, மேலே சொன்ன எர்த். "அப்படியானால் ஷீல்டு உள்ள கேபிள் போடுகிறேன்" என்று பலர் சொல்வார்கள். இரண்டு முனையிலும் எர்த் செய்த ஷீல்டு, அதாவது கம்பிகளைச் சுற்றிய உலோக உறை, இரண்டு கட்டடங்களின் எர்த்தை நேரடியாக இணைத்துவிடும், மின்னல் இல்லாத நாளிலும் அதில் மின்னோட்டம் ஓடலாம். சர்ஜ் அரெஸ்டர் (திடீரென எகிறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பும் கருவி) போட்டால் ஆபத்து குறையும். ஆனால் இரண்டு முனையிலும் போட வேண்டும், நல்ல எர்த்தோடு இணைக்க வேண்டும், அடி வாங்கிய பிறகு மாற்றவும் வேண்டும். அந்தப் பணத்தையும் கூட்டினால் காப்பர் மலிவு என்ற வாதம் அங்கேயே உட்கார்ந்துவிடும்.

எப்போது காப்பர் சரி? ஒரே மெயின் போர்டு, ஒரே எர்த், 90 மீட்டருக்குள். பழைய வீட்டோடு ஒட்டிக் கட்டிய புதுப் பகுதி, ஒரே கனெக்‌ஷனில் ஓடும் பக்கத்து அறை என்றால் தயங்காமல் போடுங்கள். இரண்டு கட்டடத்துக்கும் மின் இணைப்பும் எர்த்தும் தனித்தனி என்றால் நான் போட மாட்டேன். இருபது மீட்டர்தானே என்றாலும் போட மாட்டேன்.

## ஃபைபர் கேபிள்

ஃபைபரின் பெரிய லாபம் அதன் வேகம் என்று விளம்பரம் சொல்கிறது. என்னைக் கேட்டால், அது கண்ணாடி என்பதுதான் பெரிய லாபம். கண்ணாடியில் மின்சாரம் பாயாது. ஒரு கட்டடத்தின் எர்த் 6,000 வோல்ட்டுக்கு எகிறினாலும் அந்தச் செய்தி மறுபக்கத்துக்குப் போகவே போகாது. இடி விழுந்து ஒரு ரேக் எரிந்தாலும் மற்றது பிழைக்கும்.

தூரத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். சிங்கிள்மோட் (ஒளி ஒரே வழியில் ஓடும் வகை) ஃபைபரில் 1310 நானோமீட்டர் ஒளி ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 0.35 டெசிபல்தான் (ஒளி இழப்பை அளக்கும் அலகு) இழக்கும். உங்கள் 150 மீட்டருக்கு அது 0.05 டெசிபல், கணக்கிலேயே வராது. இரண்டு ஸ்ப்ளைஸ் (ஃபைபரை உருக்கி ஒட்டிய இடம்), இரண்டு கனெக்டர் எல்லாம் தாராளமாகக் கூட்டினாலும் மொத்த இழப்பு 1.5 டெசிபலைத் தாண்டாது. 10 கிலோமீட்டர் என்று போட்டு விற்கும் சாதாரண 1 ஜிபிபிஎஸ் மாட்யூல் (ஸ்விட்சில் செருகி மின் சிக்னலை ஒளியாக மாற்றும் சிறு கருவி) சுமார் 10 டெசிபல் இழப்பைத் தாங்கும். அதனால் பள்ளி வளாகத்து ஃபைபரில் தகராறு வந்தால் காரணம் தூரமாக இருக்காது. அழுக்குப் படிந்த கனெக்டரோ, மடங்கிய கேபிளோதான் இருக்கும். சிங்கிள்மோடில் ஒளி ஓடும் நடுப்பகுதியின் அகலம் 9 மைக்ரான்தான். தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன். கையால் தொட்ட ஒரு முனை போதும், நெட் இழுக்கும்.

சிங்கிள்மோடா, மல்டிமோடா (ஒளி பல வழிகளில் ஓடும், நடுப்பகுதி அகலமான வகை) என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது: சிங்கிள்மோட். முன்பெல்லாம் மல்டிமோட் மாட்யூல்கள் மலிவு என்பதால் வளாகங்களில் அதைத்தான் போட்டார்கள். அன்றைக்குப் பதித்த ஓஎம்1 என்ற மல்டிமோட் வகைக் கேபிளில் இன்று வழக்கமான 10 ஜிபிபிஎஸ் மாட்யூல் 33 மீட்டர்தான் ஓடும். அதே காலத்தில் சிங்கிள்மோட் பதித்தவர்கள் இரு முனை மாட்யூலை மட்டும் மாற்றி அதே கேபிளில் 10 ஜிபிபிஎஸ் ஓட்டுகிறார்கள். மண்ணுக்குள் இருப்பதை மாற்றுவது கஷ்டம், ரேக்கில் இருப்பதை மாற்றுவது ஐந்து நிமிட வேலை.

சரி, பணம் எங்கே போகிறது? ஃபைபர் கேபிளில் அல்ல. மீட்டர் கணக்கில் பார்த்தால் நல்ல கேட்6-ஐவிட அது பெரிதாக உயர்ந்துவிடாது. பணம் போவது மண்ணில்: தோண்டும் கூலி, பைப், மூடி மறுபடி தளம் போடுவது. அதனால்தான் நான் எப்போதும் சொல்வது, ஒரு முறை தோண்டுகிறீர்கள் என்றால் 40 மில்லிமீட்டர் எச்டிபிஇ பிளாஸ்டிக் பைப்பைப் போட்டு அதற்குள் கேபிளை விடுங்கள், கூடவே ஒரு நைலான் கயிற்றையும் விட்டு வையுங்கள். நாளைக்கு வேறு கேபிள் இழுக்க வேண்டுமென்றால் அந்தக் கயிறு உங்களுக்குப் பெரிய சொத்து. தேவை இரண்டு கோர்தான் (கோர் என்பது கேபிளுக்குள் இருக்கும் ஒரு கண்ணாடி இழை), ஆனால் 6 கோரோ 12 கோரோ போடுங்கள். இரண்டு கோருக்கும் ஆறு கோருக்கும் உள்ள விலை வித்தியாசம், குழி தோண்டும் கூலிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மீதிக் கோர்கள் சும்மா கிடக்கட்டும், ஒன்று பழுதானால் அடுத்ததற்கு மாறிக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் சில மீட்டர் கேபிளைச் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள். வெட்டுப்பட்டால் இழுத்துச் சேர்க்க அது வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகளும் சிக்கல்களும் ஃபைபரிலும் உண்டு. நான் பார்த்தவரை இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன.

எலிக்குப் பயந்து எல்லோரும் ஆர்மர்டு கேபிள் கேட்கிறார்கள். எலி கடிக்காது, உண்மைதான். ஆனால் அந்த உறை எஃகுத் தகடு. ஃபைபர் போட்டுவிட்டோம், இனி மின்னல் பயமில்லை என்று நினைத்துக்கொண்டே, இரண்டு கட்டடத்தையும் ஓர் இரும்புத் தகட்டால் இணைத்துவிடுகிறோம். ஆர்மர்டு போட்டால் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் தகட்டைச் சரியாக எர்த் செய்ய வேண்டும், மறுமுனையில் ரேக்கைத் தொடாதபடி வெட்டி நிறுத்த வேண்டும். பைப்புக்குள் விடுவதாக இருந்தால், உலோகமே இல்லாத கேபிளைக் கேட்டு வாங்கிவிடலாம், பைப்பின் வாயை நன்றாக அடைத்துவிட்டால் எலிக்கும் வழியில்லை.

அடுத்தது பச்சையும் நீலமும். ஸ்ப்ளைசிங் செய்ய வருபவர் பெரும்பாலும் உங்கள் ஊர் கேபிள் டிவி, பிராட்பேண்ட் ஆளாகத்தான் இருப்பார். நல்லது, பக்கத்திலேயே ஆள் கிடைக்கிறார். ஆனால் அவர் பையில் இருப்பது வீட்டு பிராட்பேண்டுக்கான பச்சை நிறக் கனெக்டர், ஏபிசி வகை. அதன் முகம் 8 டிகிரி சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். ஸ்விட்சில் செருகும் மாட்யூல்களுக்கு வேண்டியது நேராக இருக்கும் நீல நிற யுபிசி. இரண்டையும் முகத்தோடு முகம் செருகினால் நடுவில் இடைவெளி விழுந்து ஒளி வீணாகும், கண்ணாடி முகமும் கெடலாம். வேலை தொடங்கும் முன்பே "நீல பிக்டெயில் கொண்டு வாங்க" என்று சொல்லிவிடுங்கள். பிக்டெயில் என்பது ஒரு முனையில் கனெக்டர் பொருத்திய சிறு ஃபைபர் துண்டு.

பிறகு மீடியா கன்வர்ட்டர். ஸ்விட்சில் எஸ்எஃப்பி போர்ட் (ஃபைபர் மாட்யூலைச் செருகும் இடம்) இல்லை என்று, ஃபைபரைக் காப்பராக மாற்றும் சிறு பெட்டியை இரண்டு பக்கமும் வைப்பார்கள். அந்தப் பெட்டியோடு வரும் அடாப்டர்தான் முதலில் சாகும். இன்னொரு தொல்லை, ஃபைபர் அறுந்தாலும் பல கன்வர்ட்டர்களில் காப்பர் பக்க லைட் எரிந்துகொண்டே இருக்கும், எங்கே பழுது என்று தேடியே அரைநாள் போகும். எஸ்எஃப்பி போர்ட் உள்ள ஸ்விட்சையே இரண்டு பக்கமும் வாங்கிவிடுங்கள். அதில் மாட்யூலுக்கு வந்து சேரும் ஒளியின் அளவை டெசிபலில் பார்க்கும் வசதி இருந்தால், வேலை முடிந்த அன்றே அந்த எண்ணைக் குறித்து ரேக்கின் கதவில் ஒட்டி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து எண் இறங்கியிருந்தால், நெட் நிற்கும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஃபைபரில் மின்சாரம் போகாது. மறுபக்கம் கரண்ட் போனால் அங்கே தனி யூபிஎஸ் வேண்டும், அதன் பேட்டரியை மாற்றும் செலவும் உங்கள் கணக்கில் சேரும்.

## வயர்லெஸ் பிரிட்ஜ்

இரண்டு மொட்டை மாடியிலும் ஆன்டெனா வைத்து ரேடியோ அலையால் இணைப்பதுதான் இது. தோண்ட வேண்டாம், ஒரே நாளில் வேலை முடியும், வாடகைக் கட்டடத்தைக் காலி செய்தால் கழற்றிக்கொண்டு போகலாம். இந்த மூன்றும் உண்மையான பலங்கள். இந்தியாவில் 2018-இல் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது, அதனால் அனுமதிக்கு அலையவும் வேண்டியதில்லை.

பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 867 எம்பிபிஎஸ் என்று போட்டிருந்தால், அது 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் காற்றில் ஓடும் உச்ச வேகம். ஒரே நேரத்தில் ஒரு பக்கம்தான் பேச முடியும், ஒவ்வொரு பேச்சுக்கும் பதில் வாங்க வேண்டும். கையில் கிடைப்பது ஏறக்குறைய பாதி. சுற்றிலும் வைஃபை நெரிசலான டவுனில் 40 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைக்க வேண்டி வரும், அப்போது 200 எம்பிபிஎஸ் கிடைத்தாலே நல்லது. அந்த 24 கேமராவையும் இதன் வழியாக அனுப்பினால் மிச்சம் என்ன இருக்கும் என்று பாருங்கள்.

எதிர்க்கட்டடம் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. ரேடியோ அலை நூல் பிடித்த மாதிரி போகாது, நடுவில் பருத்த ஒரு முட்டை வடிவ இடம் அதற்குத் தேவை. 5.8 ஜிகாஹெர்ட்ஸில் 300 மீட்டர் தூரத்துக்கு, நடுவழியில் அந்த இடத்தின் ஆரம் கிட்டத்தட்ட 2 மீட்டர், ஒரு கிலோமீட்டருக்கு 3.6 மீட்டர். அதில் குறைந்தது அறுபது சதவீதம் தடையில்லாமல் இருக்க வேண்டும். இன்றைக்கு இடைவெளி இருக்கும், வேப்ப மரம் வருடத்துக்கு வருடம் வளரும். மழை வந்ததும் நெட் போகிறது என்பவர்கள் மழையைத் திட்டுவார்கள். இவ்வளவு குறைந்த தூரத்தில் 5 ஜிகாஹெர்ட்ஸை மழை ஒன்றும் செய்யாது. நனைந்த இலைகள்தான் அலையைக் குடிக்கின்றன.

சில சேனல்களை ரேடார்களோடு பகிர்ந்துகொள்கிறோம். வானிலை ரேடார் 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரையில் இயங்கும். அந்தச் சேனல்களில் ரேடார் போல ஏதாவது கேட்டால் கருவி உடனே விலகி வேறு சேனலுக்குப் போக வேண்டும் என்பது விதி. அந்த நேரம் இணைப்பு அறுந்து திரும்ப வரும். முடிந்தால் 5725-க்கு மேலுள்ள சேனலில் அமையுங்கள்.

வயர்லெஸ்தானே, மின்னல் பயமில்லை என்று நிம்மதியாக இருப்பவர்களிடம் இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன்: மொட்டை மாடியில் இரும்புக் கம்பத்தின் உச்சியில் ஒரு கருவி, அதிலிருந்து உங்கள் ரேக்குக்கு நேராக இறங்கும் ஒரு காப்பர் பிஓஇ கேபிள். மின்னலுக்கு இதைவிட நல்ல வழி அமைத்துக் கொடுக்க முடியாது. கம்பத்தை எர்த் செய்யுங்கள், ஆன்டெனாவைக் கம்பத்தின் உச்சியிலிருந்து கொஞ்சம் கீழே வையுங்கள், கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் சர்ஜ் அரெஸ்டர் வையுங்கள். இந்த மூன்றும் கொட்டேஷனில் இல்லையென்றால் விலையில் சேர்த்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

நடுவில் பொதுச்சாலை, அடியில் பாறை, வாடகை இடம், ஆறு மாத வேலை என்றால் வயர்லெஸ்தான் சரியான விடை. ஃபைபருக்குத் துணையாகவும் வைக்கலாம், ஜேசிபி கேபிளை வெட்டினால் தானாக வயர்லெஸ்ஸுக்கு மாறும். அப்படி இரண்டையும் வைத்தால் ஸ்விட்சுகளில் ஸ்பேனிங் ட்ரீ வசதி கட்டாயம் இயங்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வழியும் சேர்ந்து ஒரு வட்டமாகி, ஒரே பாக்கெட் முடிவில்லாமல் சுற்றி, மொத்த வளாகமும் ஸ்தம்பிக்கும்.

## தனித்தனி இன்டர்நெட் இணைப்பு

நான்காவதாக ஒரு வழியைச் சிலர் கேட்கிறார்கள்: இணைக்கவே வேண்டாம், புதுக் கட்டடத்துக்குத் தனி பிராட்பேண்ட் வாங்கிவிடலாமே? இரண்டு பக்கமும் பகிர்ந்துகொள்ள ஒன்றுமே இல்லையென்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் ஒரு பிரின்டரையோ, கேமராவையோ, கணக்கு மென்பொருளையோ இரண்டு பக்கமும் பார்க்க வேண்டுமென்றால் விபிஎன் (இன்டர்நெட் வழியே இரண்டு நெட்வொர்க்கை இணைக்கும் தனிப் பாதை) அமைக்க வேண்டும், ஒரு பக்கமாவது நிலையான ஐபி முகவரிக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். எதிரே தெரியும் கட்டடத்துக்குப் போக ஊரைச் சுற்றிய கதை அது.

வீட்டில் வைக்கும் மெஷ் ரவுட்டரை அடுத்த கட்டடத்தில் வைப்பது பற்றியும் கேட்கிறார்கள். இரண்டு கட்டடத்துச் சுவரையும் தாண்டி வேகத்தில் கால்வாசிகூடத் தேறுவது கஷ்டம். வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| கேள்வி | காப்பர் கேட்6 | ஃபைபர் | வயர்லெஸ் பிரிட்ஜ் |
|---|---|---|---|
| தூர எல்லை | 100 மீட்டர் | வளாகத்துக்கு எல்லையே இல்லை | கிலோமீட்டர் கணக்கில், தடை இல்லாவிட்டால் |
| இன்றைய வேகம் | 1 ஜிபிபிஎஸ் | 1 அல்லது 10 ஜிபிபிஎஸ் | பெட்டியில் போட்டதில் பாதி |
| நாளைய வேகம் | கேபிளையே மாற்ற நேரும் | மாட்யூலை மட்டும் மாற்றலாம் | இரு முனைக் கருவியையும் மாற்ற வேண்டும் |
| மின்னல் | எர்த் தனி என்றால் பெரும் ஆபத்து | உலோகம் இல்லாத கேபிளில் கவலையில்லை | கம்பமும் பிஓஇ கேபிளும் வழியாகும் |
| மறுமுனைக்கு மின்சாரம் | அனுப்பலாம் | முடியாது | முடியாது |
| பணம் போகும் இடம் | சர்ஜ் பாதுகாப்பு, எரிந்த ஸ்விட்ச் | தோண்டுதல், பைப் | கம்பம், எர்த், சில வருடத்தில் புதுக் கருவி |
| பழுது பார்ப்பவர் | உள்ளூர் எலக்ட்ரீஷியன் | ஸ்ப்ளைசிங் மெஷின் வைத்திருப்பவர் | மாடி ஏறி, செட்டிங் தெரிந்தவர் |

## கேட்டவருக்கு என் பதில்

உங்கள் பள்ளிக்கு ஃபைபர். மைதானம் உங்கள் சொந்த நிலம், புதுக் கட்டடத்துக்குத் தனி மின் இணைப்பு வரும், கேபிள் பாதை நூறு மீட்டரைத் தாண்டும். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் வேறு விடை எனக்குத் தெரியவில்லை. அரிசி ஆலைக்காரருக்கு நடுவில் ரோடு இருந்ததால் வயர்லெஸ் என்றேன். குடோன்காரருக்கு வீட்டு மெயின் போர்டிலிருந்தே லைன் போயிருக்கிறது, முப்பது மீட்டர்தான், அவருக்கு வெளிப்புறக் காப்பர் கேபிளே போதும் என்றேன்.

கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன் அதில் இவை எழுத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள்: சிங்கிள்மோட், 6 கோர், உலோகம் இல்லாத கேபிள். 40 மில்லிமீட்டர் எச்டிபிஇ பைப், குறைந்தது இரண்டரை அடி ஆழத்தில், மேலே எச்சரிக்கை டேப். எல்லாக் கோரையும் இரண்டு முனையிலும் ஸ்ப்ளைஸ் செய்து, ஒவ்வொன்றின் இழப்பையும் அளந்து கொடுக்க வேண்டும். வேண்டியது இரண்டு கோர்தானே என்று மற்ற நான்கையும் சுருட்டிப் பெட்டிக்குள் விட்டுவிட்டுப் போவார்கள், விடாதீர்கள். பைப் போகும் வழியை வரைபடமாக வாங்கி அலுவலகத்தில் வையுங்கள், நாளைக்குத் தண்ணீர்க் குழாய் போட வருபவரிடம் காட்ட வேண்டும்.

அப்புறம், இன்றைக்கே தாளாளரிடம் ஒரு விஷயம் கேளுங்கள். கட்டட வேலை முடிந்ததும் நடைபாதைக்கு பேவர் பிளாக் போடுவார்கள். அந்தக் கான்ட்ராக்டர் எந்தத் தேதியில் வருகிறார்? நெட்வொர்க் வேலைக்கு இன்னும் ஆள் முடிவாகவில்லை என்றாலும் பரவாயில்லை. அவர் வருவதற்கு முன்னால் வெறும் பைப்பையும் கயிற்றையும் மட்டுமாவது மண்ணுக்குள் போட்டுவிடுங்கள்.